மூக்கைத் திரும்பக் கட்டியவர்: ஹரோல்ட் கில்லீஸின் கதை

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியிலிருந்த எழுதுபொருள் கடையொன்றுக்குப் போன இராணுவ வைத்தியர் ஒருவர் பத்து பவுணுக்கு முகவரிச் சிட்டைகள் வாங்கினார். பயணப் பொதிகளில் நூலால் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தச் சாதாரண சிட்டைகள்தான். காசு அவருடைய சொந்தக் காசு. ஒவ்வொன்றிலும் தன் பெயரையும் தான் வேலைசெய்யும் வைத்தியசாலையின் முகவரியையும் போட்டு, அவற்றை அப்படியே போர் அமைச்சுக்கு அனுப்பினார். பிரான்ஸ் போர்முனையில் முகத்தில் காயப்படுகிறவர்களின் உடுப்பில் இதைக் கட்டித் தன்னிடம் அனுப்பிவைக்கவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அமைச்சு இதைக் கணக்கெடுக்கும் என்று அவரே பெரிதாக நம்பவில்லை. ஆனால் சில வாரங்களில் அந்தச் சிட்டைகள் தொங்க, முகத்தைத் துணியால் சுற்றிக்கட்டிய இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து சேரத் தொடங்கினார்கள்.

அந்த வைத்தியர் ஹரோல்ட் டெல்ஃப் கில்லீஸ். அப்போது வயது 33. இன்றைய பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையின் தந்தை என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பெயர் அது.

பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை என்றதும் எங்களில் பலருக்கு சினிமா நடிகைகளின் மூக்குத்தான் ஞாபகம் வருகிறது. சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு செய்திக்காகச் சென்றிருந்தபோது, ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடியபடியே என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். எறிகணைச் சிதறல். இனி இதை ஒன்றும் செய்ய ஏலாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது, எந்த அடிப்படையில் சொன்னது என்று அவருக்கும் தெரியவில்லை. பதில் சொல்ல எனக்கும் அறிவு இருக்கவில்லை. அதற்குப் பிறகு தேடி வாசித்தபோதுதான் கில்லீஸைக் கண்டுகொண்டேன். இழந்த மூக்கை எப்படிக் கட்டலாம் என்பதைவிட, யாருக்கு, எப்போது கட்டலாம், எப்போது கத்தியைக் கீழே வைக்கவேண்டும் என்பதை அவர் கற்றுக்கொண்ட விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு பாடத்தை அவர் ஒரு இளைஞனின் மரணத்தில் கற்றார்.

கில்லீஸ் 1882ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. தகப்பன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். கில்லீஸுக்கு நான்கு வயதாகும்போது இறந்துவிட்டார். சிறுவயதில் வலது முழங்கையில் அடிபட்டு, அது சரியாகப் பொருந்தாமல் போனதால் வாழ்நாள் முழுவதும் அந்தக் கை முழுமையாக மடங்கி விரியவில்லை. அந்தக் கையோடுதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக 1904இல் படகோட்டினார், கோல்ஃப் விளையாட்டில் இங்கிலாந்துக்காக ஆடினார், நாற்பது வருடங்களுக்கு மேல் சத்திரசிகிச்சையும் செய்தார். லண்டன் பார்த்தலோமியு வைத்தியசாலையில் பயின்று, காது, மூக்கு, தொண்டை நிபுணராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். குறும்புக்காரர். வேடம் போட்டு நண்பர்களை ஏமாற்றுவதில் வயதான பிறகும் அவருக்கு அலுப்பு வரவில்லை.

1915இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாகப் பிரான்ஸ் சென்றார். அங்கே ஓகஸ்ட் சார்ள்ஸ் வலாடியர் என்ற பல் வைத்தியரைக் கண்காணிக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. வலாடியர் தன் ரோல்ஸ் ரோய்ஸ் காரின் பின்பக்கத்தில் பல் வைத்தியக் கதிரையைப் பொருத்தித் திரிந்த மனிதர். உடைந்த தாடைகளைச் சீர்செய்வதில் வல்லவர். ஆனால் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் அவர் கத்தி எடுக்க அனுமதி இல்லை. மேற்பார்க்கப் போனவர் மாணவனாகிவிட்டார். பின்னர் பாரிஸில் மொரெஸ்தன் என்ற பிரெஞ்சு நிபுணர், ஒரு நோயாளியின் முகத்திலிருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டியெடுத்து, தாடைக்குக் கீழிருந்த தோலை நகர்த்தி அந்தக் குழியை மூடுவதைப் பார்த்தார். தான் செய்யவேண்டிய வேலை இதுதான் என்று அந்த இடத்திலேயே அவருக்குப் பட்டது. இரண்டாம் தடவை பார்க்கப் போனபோது மொரெஸ்தன் அவரை உள்ளே விடவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை.

இந்தத் தேவை திடீரென்று வந்ததற்குக் காரணம் அந்தப் போரின் தன்மை. பதுங்குகுழிக்குள் இருப்பவனின் உடல் மறைந்திருக்கும், தலைதான் வெளியே தெரியும். எறிகணைச் சிதறல் துப்பாக்கிக் குண்டைப்போலத் துளைத்துக்கொண்டு போவதில்லை, பிய்த்துக்கொண்டு போகும். இதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

லண்டன் திரும்பிய கில்லீஸ் மேலதிகாரிகளை வற்புறுத்தி, ஓல்டர்ஷொட் இராணுவ வைத்தியசாலையில் முகக் காயங்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டு யூலை மாதம் சோம் தாக்குதல் ஆரம்பித்தபோது 200 பேர் வருவார்கள் என்று படுக்கைகள் ஆயத்தமாக்கப்பட்டன. வந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்.

விடுதிகளில் கண்ணாடி வைக்கக்கூடாது என்பது அங்கே கட்டளை. ஆனாலும் ஒரு கோப்பரலின் சவரப் பெட்டிக்குள் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்திருக்கிறது. அங்கே வேலைசெய்த தாதி ஒருவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்தக் கதை இருக்கிறது. அவன் நன்றாகத் தேறி வந்துகொண்டிருந்தான். ஊரில் காதலி காத்திருந்தாள். ஒருநாள் படுக்கையைச் சுற்றித் திரை போடச் சொன்னான். திரை விலகியபோது ஆள் மாறிப்போயிருந்தான். பாரிஸில் வேறொரு பெண்ணைச் சந்தித்துவிட்டதாகவும் தன்னை மறந்துவிடும்படியும் அவளுக்குக் கடிதம் எழுதினான். அப்படி ஒரு பெண் இருக்கவேயில்லை.

1917 ஓகஸ்டில் லண்டனுக்குத் தென்கிழக்கே சிட்கப்பில் முகக் காயங்களுக்கென்றே தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கிருந்து நகருக்குப் போகும் வீதியில் சில வாங்குகளுக்கு நீலநிறம் பூசியிருந்தார்கள். அதில் ஒருவர் இருந்தால் அவருடைய முகம் எப்படியிருக்கும் என்பதற்கு ஊர்மக்கள் மனதைத் தயார்படுத்திக்கொள்ளலாம். இதை அன்பு என்பதா, அவமானம் என்பதா? எனக்கு இன்னமும் முடிவுக்கு வர முடியவில்லை. பார்த்துத் திடுக்கிடாமல் கடந்துபோகும் ஊரில் அந்த நிறம் தேவைப்பட்டிருக்காது.

இனி மூக்குக்கு வருவோம்.

மூக்கை மீளக் கட்டும் வேலை கில்லீஸ் கண்டுபிடித்தது அல்ல. சுசுருதரின் பழைய மருத்துவ நூல், இலையொன்றை மூக்கின் அளவுக்கு வெட்டி, அதை வைத்துக் கன்னத்துத் தோலை அளந்தெடுத்து மூக்குக் கட்டுவதையும், மூச்சுவிடுவதற்கு இரண்டு குழாய்களை உள்ளே வைப்பதையும் விவரிக்கிறது. தண்டனையாக மூக்கை அறுக்கும் வழக்கம் இருந்த நாட்டில் அந்தக் கலைக்குத் தேவையும் இருந்தது. 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருடம் கழித்துப் பூனாவுக்கு அருகே செங்கல் சுடும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலால் புதிய மூக்கு அமைத்துக்கொடுத்தார். ஆங்கிலேய வைத்தியர்கள் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சம்பவம் 1794 ஒக்ரோபரில் லண்டன் சஞ்சிகையொன்றில் படத்தோடு வெளிவந்தது. அதை வைத்துக்கொண்டு பிணங்களில் பழகிப்பார்த்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதைச் செய்துகாட்டினார். கட்டியவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நோயாளியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த முறையின் சூட்சுமம் இலகுவானது. நெற்றித் தோலை மூக்கின் வடிவத்தில் வெட்டுவார்கள், ஆனால் முழுதாகப் பிரித்தெடுக்கமாட்டார்கள். புருவத்தின் உட்பக்க ஓரத்தில் ஒரு காம்புபோல அது உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பு வழியாக இரத்தம் ஓடும். தோலைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கு இருந்த இடத்தில் தைத்துவிட்டால், சில வாரங்களில் புதிய இடத்திலிருந்தே அதற்கு இரத்தோட்டம் கிடைத்துவிடும். அதன்பிறகு காம்பை வெட்டலாம்.

ஆனால் அப்படிக் கட்டிய மூக்குகள் பல, சில மாதங்களில் சுருங்கிக் கிழங்குபோல ஆகிவிடும். துவாரங்கள் அடைபடும். காரணத்தைக் கில்லீஸ் தெளிவாகப் பிடித்துக்கொண்டார். மூக்கு என்பது வெறும் வெளித்தோல் அல்ல. உள்ளே ஈரமான மெல்லிய சவ்வு இருக்கிறது. நடுவே எலும்பும், காதுமடலைத் தொட்டால் உணரக்கூடிய கசியிழையமும் தூணாக நிற்கின்றன. அதற்கு மேலேதான் தோல். உள்ளே சவ்வு இல்லாமல் வெளித்தோலை மட்டும் போர்த்தினால், உட்புறம் திறந்த புண்ணாகவே இருக்கும். புண் ஆறும்போது தழும்பாகும். தழும்பு இழுத்துச் சுருக்கும். ஆகவே முதலில் உட்புறம், பிறகு தூண், கடைசியாகப் போர்வை. வீடு கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த வரிசைதான். ஆனால் முகத்தில் அதைச் செய்வதற்கு மாதங்கள் போகும், சில வேளைகளில் வருடங்கள்.

வில்லியம் ஸ்ப்ரெக்லி என்ற லெப்டினன்ட் 1917 ஜனவரியில் கில்லீஸிடம் வந்தார். மூக்கு இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. கில்லீஸ் அவருடைய விலாவிலிருந்து கசியிழையத்தை எடுத்துச் செதுக்கி, நெற்றித் தோலுக்கு அடியில் புதைத்தார். அது அங்கேயே பொருந்தி வளரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். பிறகுதான் கீழே இறக்கினார். வந்தது என்னவென்றால், எறும்புதின்னியின் மூஞ்சிபோல வீங்கிப் பருத்த ஒன்று. சக வைத்தியர்கள் சிரித்துவிட்டார்கள். கில்லீஸுக்கே அதை வெட்டி எறிந்துவிடலாம்போல இருந்தது. வெட்டவில்லை. வீக்கம் வற்றவிட்டார், மேலதிகமானதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார். 1920 ஒக்ரோபரில் ஸ்ப்ரெக்லி வைத்தியசாலையைவிட்டுப் போனபோது, தெருவில் எதிரே வருகிறவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத ஒரு மூக்கு அவருக்கு இருந்தது. கௌரவமாகத் தள்ளிப்போடக்கூடிய எதையும் இன்றைக்கே செய்யாதே என்று கில்லீஸ் தன் மாணவர்களுக்குச் சொல்லிவந்ததை, இந்தப் படங்களைப் பார்க்கும்போது விளங்கிக்கொள்ளலாம்.

அதே காலத்தில் அவரே அந்த விதியை மீறினார். ஹென்றி லம்லி என்ற இளம் விமானி, 1916 யூலையில் பயிற்சி முடித்த அன்றே விமானம் வீழ்ந்து முகம் முழுவதும் எரிந்துபோனவர். சிட்கப்புக்கு வருவதற்கிடையில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. வலிக்குக் கொடுத்த மோர்ஃபினுக்கு அடிமையாகி, உடலும் மனமும் தளர்ந்திருந்தார். முகம் முழுவதற்குமான தோலை நெஞ்சிலிருந்து ஒரே தடவையில் எடுத்துப் போர்த்துவது கில்லீஸின் திட்டம். 1918 பெப்ரவரி 15ஆம் திகதி செய்தார். போர்த்திய தோல் அழுகியது. நெஞ்சிலும் தொற்று ஏற்பட்டது. மார்ச் 11ஆம் திகதி லம்லி மாரடைத்து இறந்தார். வயது 26.

கில்லீஸ் இதை மறைக்கவில்லை. 1920இல் வெளியிட்ட முகச் சத்திரசிகிச்சை பற்றிய தன் முதல் நூலிலேயே இந்தத் தோல்வியைப் பதிவுசெய்தார். படிப்படியாகச் செய்திருக்கவேண்டும் என்று ஏற்றுக்கொண்டார். தன் பெயரை நிலைநிறுத்த வந்த நூலில் இதை எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். தொழில்நுட்பத்தில் பிழை மட்டும் அல்ல அது. அந்த உடல் அந்த நேரத்தில் அவ்வளவைத் தாங்காது என்பதை அவர் பார்க்கத் தவறியிருந்தார்.

லம்லிக்கு முன்னர், 1917 ஒக்ரோபரில், அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. ஜட்லண்ட் கடற்போரில் எரிகாயப்பட்ட மாலுமி வில்லி விக்கரேஜுக்கு நெஞ்சிலிருந்து தோல் எடுக்கும்போது, தூக்கிய தோலின் இரு ஓரங்களும் தாமாகவே உள்நோக்கிச் சுருள்வதைக் கில்லீஸ் கண்டார். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் குழாய் ஆகிவிடுமே? தைத்தார். உட்புறம் மூடப்பட்டதால் தொற்று குறைந்தது, இரத்தோட்டம் காப்பாற்றப்பட்டது. அதன்பிறகு சிட்கப் விடுதி முழுக்க, தோளிலிருந்து மூக்குக்கும் நெஞ்சிலிருந்து தாடைக்கும் யானைத் தும்பிக்கைபோலத் தோல்குழாய்கள் தொங்கும் மனிதர்கள். ஒடெஸாவில் ஃபிலாடொவ் என்ற வைத்தியர் இதே முறையை ஒரு வருடம் முன்னரே செய்திருந்தார். போர் நடந்த காலம், ஒருவரின் வேலை மற்றவருக்குத் தெரியாது.

முகத்தில் வேலைசெய்யும்போது மயக்க மருந்து கொடுப்பதே பெரும் பாடு. மூக்கிலும் வாயிலும் மூடி வைத்தால் வைத்தியர் எங்கே கத்தி வைப்பது? சிட்கப்பில் பணியாற்றிய ஐவன் மகில் என்பவரும் அவருடைய சகாவும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு மயக்கும் முறையை அங்கேதான் செம்மைப்படுத்தினார்கள். இன்றைக்கு உலகின் எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் செய்யப்படுவது அதன் தொடர்ச்சி. 1917 முதல் 1925 வரை சிட்கப்பில் 5,000க்கு மேற்பட்டவர்களுக்கு 11,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடந்தன.

யாருக்கு இது பொருந்தும் என்ற கேள்விக்குக் கில்லீஸ் காலத்தில் கிடைத்த பதில்களில் பெரும்பகுதி இன்றும் மாறவில்லை. நெற்றித் தோல் முறை இன்றும் பெரிய மூக்கிழப்புக்கு முதல் தெரிவாக இருக்கிறது. வழமையாகக் காம்பை வெட்டுவதற்கு மூன்று வாரங்கள் அளவில் காத்திருப்பார்கள். அந்த மூன்று வாரமும் நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே ஒரு தோல்பாலத்தோடு இருக்கவேண்டும். அதற்குப் பிறகும் திருத்த வேலைகள் இருக்கும். ஒரே நாளில் முடியும் என்று நினைத்துப் போகிறவருக்கு இது பொருந்தாது. கொஞ்சம் நொறுங்கிய மூக்கு, வளைந்த நடுச்சுவர், மூச்சடைப்பு போன்றவற்றுக்கு இவ்வளவும் தேவைப்படாது. காதிலிருந்தோ விலாவிலிருந்தோ சிறு கசியிழையத் துண்டு போதுமாக இருக்கும். புதிதாக முறிந்த மூக்கை முதல் இரண்டு வாரங்களுக்குள் நேராக்கலாம். அது தவறினால், புண்ணும் வீக்கமும் அடங்கித் தழும்பு இளகும்வரை மாதக்கணக்கில் பொறுக்கச் சொல்வார்கள். போர்க்காயம் பத்து, பதினைந்து வருடம் பழையது என்பது அதனளவில் தடை அல்ல. தழும்பு அடங்கியிருப்பது உண்மையில் வைத்தியருக்கு வசதி.

தடையாக இருப்பவை வேறு. புகைப்பவரின் தோல்மடலுக்கு இரத்தம் போதாமல் போகும், பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு புண்ணை ஆறவிடாது. சைனஸிலோ எலும்பிலோ தொற்று இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். எங்கள் தோலில் தடித்துப் புடைக்கும் தழும்புகள் கூடுதலாக வருவதால், உடலில் முன்னர் அப்படி வந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு முகம் வளர்ந்து முடியும்வரை, அதாவது பெண்பிள்ளைகளுக்கு 15, 16 வயதும் ஆண்பிள்ளைகளுக்கு 17 வயதும் அளவில் ஆகும்வரை, பெரிய வேலையைத் தள்ளிப்போடுவது வழக்கம். ஆனால் மூச்சுவிட முடியாத பிள்ளைக்கும், பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளைக்கும் அந்த வயதுவரை காத்திருக்கச் சொல்வதில்லை. மோப்பம் எப்போதும் திரும்பும் என்று சொல்லமுடியாது. அதற்கான நரம்புகள் மூக்கின் மேற்கூரையில் இருக்கின்றன, அவை போயிருந்தால் புதிய மூக்கு அதைத் தராது. முகத்தில் உலோகச் சிதறல் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்னர் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் பெரும் காந்தம். எல்லாச் சிதறலையும் எடுத்தாகவேண்டும் என்றும் இல்லை. தொந்தரவு தராமல் ஆழத்தில் கிடப்பதைத் தோண்டப்போய்க் கண்ணையோ நரம்பையோ பாதிப்பதைவிட, விட்டுவைப்பதையே பல நிபுணர்கள் தெரிவுசெய்வார்கள். கிட்டவுள்ள போதனா வைத்தியசாலையின் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கோ, முகத்தாடைப் பிரிவுக்கோ, காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ ஒரு கடிதத்தோடு போய்க் காட்டுவது இதற்கான முதல் படி.

எல்லோரும் கத்திக்கு உடன்பட்டுத்தான் ஆகவேண்டும் என்று அன்றைக்கும் இருக்கவில்லை. இருபது, முப்பது தடவை மயக்கப்பட்டுக் களைத்துப்போய், போதும் என்று வீடு போனவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு லண்டன் வான்ட்ஸ்வர்த்தில் சிற்பி டெர்வென்ட் வூட், பாரிஸில் அமெரிக்கப் பெண் சிற்பி அனா லாட் ஆகியோர் மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, தோலின் நிறம் பூசிக் கொடுத்தார்கள். முகத்தின் பாதி சிரிக்கும்போது தகரப் பாதி அப்படியே இருக்கும். சில வருடத்தில் பூச்சு உரிந்துவிடும். இன்று சிலிக்கனில் செய்யப்படும் மூக்குகள் எவ்வளவோ மேல். உடல் தாங்காதவர்களுக்கும் மேலும் வெட்டு வேண்டாம் என்பவர்களுக்கும் அவை ஒரு நல்ல வழிதான். அதைத் தெரிவுசெய்வதில் தோல்வி எதுவும் இல்லை.

போர் முடிந்த பிறகு கில்லீஸ் தனியார் வைத்தியராகப் பிழைக்கவேண்டியிருந்தது. அழகுக்காக மூக்கைச் சிறிதாக்கக் கேட்டு வந்தவர்களை முதலில் தயக்கத்தோடு பார்த்தார். ஒருவரை வழமை நிலைக்குத் திருப்புவதும் வழமைக்கு மேலே கொண்டுபோவதும் இரண்டு வேறு வேலைகள் என்பது அவருடைய பிரிப்பு. ஆனால் காலப்போக்கில் இரண்டாவதையும் இழிவாகப் பார்க்கவில்லை. மற்றவர் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் குறை, அதைச் சுமப்பவருக்குச் சிறிதல்ல என்று கண்டிருந்தார். 1923இல் இன்னொரு முக்கியமான வேலையை எழுதினார். நோயால் உட்சவ்வு சுருங்கி மூக்கு உள்ளே அமுங்கிப் போனவர்களுக்கு வெளித்தோல் அழிந்திருப்பதில்லை, மடங்கித்தான் கிடக்கிறது. மேலுதட்டின் உட்புறமாகப் போய்த் தோலால் புது உட்பூச்சுக் கொடுத்தால் மூக்கு மீண்டும் மேலெழும். நெற்றியில் கைவைக்கவே தேவையில்லை. அவரிடம் இங்கிலாந்தில் பயின்று திரும்பிய நோஷிர் அந்தியா, பூனாவிலும் பம்பாயிலும் தொழுநோயால் மூக்கு அமுங்கியவர்களுக்கு இந்த வழியைப் பயன்படுத்தினார். நெற்றித் தோல் முறை பூனாவிலிருந்து லண்டன் போய் ஒன்றரை நூற்றாண்டின் பின், கடன் அடைந்ததுபோல.

சேர் பட்டம் 1930இல்தான் கிடைத்தது. போர்க்காலத்தில் அவருக்கு மேலே இருந்தவர்களுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. அதே ஆண்டு நியூசிலாந்தில் பிறந்த உறவுக்காரர் ஆர்ச்சிபோல்ட் மெக்கின்டோ வேலை தேடி வந்தார். இரண்டாம் உலகப்போரில் எரிகாயப்பட்ட விமானிகளைப் பராமரித்து மெக்கின்டோ கில்லீஸைவிடப் புகழ் பெற்றார். கில்லீஸ் பேசிங்ஸ்டோக்குக்கு அருகே றூக்ஸ்டவுன் ஹவுஸில் மறுபடியும் போர்க்காயங்களோடு இருந்தார். பிறப்பில் பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்ந்த மைக்கேல் டிலனுக்கு 1946 முதல் 1949 வரை பல கட்டச் சத்திரசிகிச்சைகளைச் செய்து, பதிவேட்டில் வேறொரு நோயின் பெயரை எழுதிவைத்தவரும் இவர்தான். யாருக்குத் தகும் என்பதைச் சட்டமோ ஊர்வாயோ தீர்மானிக்க அவர் விட்டதில்லை.

கையில் வந்த காசு நின்றதில்லை. மீன்பிடி, கோல்ஃப், ஓவியம் என்று செலவழித்தார், பணம் கொடுக்க முடியாத நோயாளர்களிடம் வாங்காமலும் விட்டார். 1957இல் முதல் மனைவி கத்லீன் இறந்தார். அதே ஆண்டு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் நீண்டகாலம் தன்னோடு நின்ற மார்ஜரி கிளேட்டனை மணந்தார். மாணவர் ரால்ஃப் மில்லார்டோடு சேர்ந்து எழுதிய இரண்டு பாகப் பெருநூலும் அந்த ஆண்டுதான் வந்தது. லம்லியின் பெயர் தெரியாத தலைமுறை வைத்தியர்களும் அந்த நூலில் அவசரத்தின் விலையை வாசித்தார்கள்.

ஓய்வெடுக்க அவருக்கு வசதியும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை. 1960 ஓகஸ்ட் 3ஆம் திகதி, 78 வயதில், 18 வயதுப் பெண்ணொருத்தியின் சிதைந்த காலில் வேலைசெய்துகொண்டிருந்தபோது மூளையில் இரத்தம் உறைந்து வீழ்ந்தார். செப்ரெம்பர் 10ஆம் திகதி லண்டனில் இறந்தார். நாற்பது வருடங்களுக்கு மேல் உழைத்தவர் விட்டுச்சென்றது 21,000 பவுண் அளவில். சிட்கப் நோயாளர்களின் கோப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வந்த அன்று எடுத்த படம், இடையில் தும்பிக்கை தொங்கும் படங்கள், பென்சிலால் கீறிய தோல் அளவுகள். ஸ்ப்ரெக்லியின் கடைசிப் படத்தில் அவர் கமராவை நேராகப் பார்க்கிறார்.